இரண்டு மாதத்து ஆர்வம்

திண்டிவனத்தில் மச்சினன் குழந்தைக்கு வயது இரண்டு மாதம். “பொம்மையில ஆர்வமே இல்ல மாமா” என்று போனில் புலம்பினான். உடனே போய்ப் பார்த்தேன். பாடும் யானை, உருளும் கார், தலையாட்டும் கரடி எல்லாம் தயார். யானை பாடியதும் குழந்தை வீறிட்டது. அதை நிறுத்தும் பொத்தானைத் தேடி மொத்தக் குடும்பமும் விளையாடியது.

அந்த வயதில் 20-30 சென்டிமீட்டர் தூரம்தான் தெளிவாகத் தெரியும். எட்டிப் பிடிக்கவே நாலு மாதமாகும். காரோ அலமாரி உச்சியில்.

விழுப்புரத்திலிருந்து 40 கிலோமீட்டர் ரயிலில் பெரியம்மா வந்தாள், பையில் பனையோலைக் கிலுகிலுப்பையோடு. ஒரு சாண் தூரத்தில் மெல்ல ஆட்டினாள். சத்தம் வந்த பக்கம் கண் திரும்பியது. “பாருடா, ஆர்வம்!” என்றான் மச்சினன், யானையின் விலையை மறந்து.

2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு விலக்குண்டு. பெரியம்மாவின் முந்தானைக்கு இரண்டுமே கிடையாது. குழந்தை அதைத்தான் இறுகப் பிடித்துக்கொண்டு தூங்கியது. யானை மட்டும் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறது.