ஆடி போகட்டும் தம்பி

இன்சூரன்ஸ் ஏஜென்ட் என்றால் அடுத்தவரை அவசரப்படுத்தியே பிழைப்பவர் என்று நினைப்போம். விழுப்புரத்தில் வீடும் திண்டிவனத்தில் ஆபீஸுமாக இருக்கும் நம்ம அண்ணன் அந்த ஜாதி இல்லை. பாலிசிதாரர் பதறி போன் செய்தாலும், "இருக்கட்டும் சார், பாத்துக்கலாம்" என்று இவர்தான் தேற்றுவார்.

அவருடைய ஆபீஸில், தெரிந்த தம்பி ஒருவன் அக்சஸில் எழுதிய ஒரு மென்பொருள் ஓடுகிறது. உள்ளே ஒரு டைமர். அளவு 60000 மில்லிசெகண்ட். நிமிடத்துக்கு ஒருமுறை தேதிகளைப் புரட்டி, கெடு நெருங்கிய பாலிசியைத் திரையில் நீட்டும். அண்ணனுக்கு அது கடன்காரன் வாசலில் நிற்பது போல.

"தம்பி, செல்போன்ல இருக்கே ஸ்னூஸு, அதை இதுல வையேன்."

ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி 1956-இல் அலாரக் கடிகாரத்தில் அந்த வசதியைக் கொண்டுவந்தது. ஐபோனில் வெகுகாலம் ஒன்பது நிமிடம்தான் கணக்கு. ஒன்பது நிமிடத்தில் அண்ணன் டீ கிளாஸைக்கூடக் கீழே வைக்க மாட்டார். அவர் கேட்ட பட்டியல் வேறு: ராகு காலம் கழித்து, விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியதும், ஆடி போனதும்.

ராகு காலம் சுலபம். திங்கள் ஏழரை, செவ்வாய் மூன்று என்று ஏழே வரிசையில் ஒரு டேபிள் போதும். ஆடிக்கு ஆகஸ்ட் 17 என்று தம்பி குத்துமதிப்பாகப் போட்டான். டோல்கேட்டைக் கைவிட்டான்.

வினை வேறு இடத்தில் வந்தது. பட்டனை அழுத்தினால் கெடு தேதியே தள்ளிப்போவது மாதிரி முதலில் எழுதிவிட்டான். 15-ஆம் தேதி முடியும் லாரி பாலிசி, திரையில் 22 வரை ஜம்மென்று உயிரோடு இருந்தது. ஆண்டுக்கொரு முறை கட்டும் ஆயுள் பாலிசிக்காவது 30 நாள் சலுகை உண்டு. வண்டிக்குக் கெடு முடிந்த நள்ளிரவோடு காப்பு போச்சு. 90 நாள் தாண்டினால் நோ கிளெய்ம் போனஸும் போச்சு. கெடு தேதியைத் தொடாமல், அடுத்த நினைவூட்டல் நேரத்துக்குத் தனிப் பத்தி போட்டுத் திருத்தினான். அண்ணனுக்குத்தான் வருத்தம்: "முன்னாடி நிம்மதியா இருந்துச்சுப்பா."

எத்தனை தடவை ஒத்திப்போட்டார் என்று எண்ண, சொல்லாமல் இன்னொரு பத்தியும் சேர்த்திருந்தான் தம்பி. மாதக் கடைசியில் அதைப் பெரிய எண்ணிலிருந்து இறங்குவரிசையில் அடுக்கினான். லாரியும் இல்லை, டிராக்டரும் இல்லை. முதல் வரியில் அண்ணன் தன் கையாலேயே தட்டியிருந்தார்: "சாப்ட்வேர் தம்பிக்குப் பணம் தரணும்."