எல்லையில்லாக் கருணை

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆவது பிரிவைப் படித்தால் கண் கலங்கும். மனம் பேதலித்து, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் அலைகிறவரைப் பாதுகாப்பில் எடுப்பது காவல் நிலைய அதிகாரியின் கடமை. ஏன் அழைத்துப் போகிறோம் என்று அவரிடமே சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப் கூடவே கூடாது.

ஆனால் அவர் நம் ஸ்டேஷன் எல்லைக்குள் அலைந்தால்தானே? ஜீப்பில் ஏற்றிப் பக்கத்து ஸ்டேஷன் எல்லையில் இறக்கிவிட்டால் கடமை அவர்களுடையது. கையில் ஒரு பிரியாணிப் பொட்டலம் கொடுத்தால் மனிதாபிமானமும் ஆயிற்று.

தப்பித் தவறி ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போனாலும், "மெமோ எங்கே? கூட இருக்க ஆள் யாரு? மனநல டாக்டர் திங்கட்கிழமைதான் வருவார்." ஏட்டையாவும் டியூட்டி டாக்டரும் சத்தம் போட்டுக்கொள்ள, வராந்தாவில் நிதானமாக உட்கார்ந்திருப்பவர் அந்த 'கேஸ்' ஒருவர்தான். அவர் பெயரை இன்னும் யாரும் கேட்கவில்லை.

14416 என்றொரு மனநல உதவி எண் இருக்கிறது, டெலி-மானஸ். இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. செல்போனில் பதிந்துவைத்துக்கொள்ளுங்கள்.