ஷர்மா மாமா

எங்கள் புளோக்கில் அவருக்குப் பெயர் ஷர்மா மாமா. வடநாட்டுக்காரர் இல்லை; தஞ்சாவூர் வழி வந்த மூன்றாம் தலைமுறைச் சிங்கப்பூரர். இங்கே பறவை வளர்ப்பவர்கள் ஷாமா என்ற பாட்டுக் குருவியை ஷர்மா என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள்; மாமா வளர்ப்பது அதைத்தான். தமிழில் சோலைபாடி என்று அழகான பெயர் உண்டு, சொன்னால் மாமாவே "அது யாரு?" என்பார். குருவிக்குப் பெயர்தான் ஷர்மா, சாப்பாடு முழுக்க அசைவம். வெட்டுக்கிளி, பாச்சை, புழு, பண்டிகை நாளில் முசுறு முட்டை. அவர் வீட்டு ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் டப்பாவைத் திறக்கும் தைரியம் உறவினர் யாருக்கும் கிடையாது.

இந்த ரகப் பறவைகளை ஆங்கிலத்தில் சாஃப்ட்பில் என்பார்கள். விதையை உடைத்துத் தின்னாமல் பூச்சி, பழம் என்று மெத்தென்ற தீனி தின்பதால் வந்த பெயர். அலகே மெத்தென்றிருக்கும் என்று நம்பி விரலை நீட்டியவன் நான். பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டே மாமா சொன்னார்: "அலகும் சாஃப்ட் இல்ல தம்பி, கடைக்காரன் குடுக்கிற பில்லும் சாஃப்ட் இல்ல."

அந்த பில் விவகாரம் தனி. கடைக்குள் நுழைந்ததும் நேராக ஷாமாவைப் பார்க்கமாட்டார். அரை மணி நேரம் கேனரியோடு கொஞ்சல். பிறகு போகிற போக்கில், "இதென்ன, வால் லேசா கோணலா?" கடைக்காரர் இருபது வருடமாக இந்தக் கேனரிக் கொஞ்சலைப் பார்த்தவர், மாமா உள்ளே வரும்போதே விலையை ஏற்றி வைத்திருப்பார். வாங்கிய பறவைக்கு மூன்று விலை உண்டு. அத்தையிடம் சொல்வது ஒன்று, நண்பர்களிடம் சொல்வது ஒன்று. மூன்றாவது வங்கிக்கு மட்டும் தெரியும்.

ஞாயிறு காலை அங் மோ கியோவில் கெபுன் பாரு பறவைக் கழகம். உறை போட்ட மூங்கில் கூண்டைப் புதுப்பெண்ணைப் பல்லக்கில் கொண்டுபோவது போலக் கொண்டுபோவார். அங்கே சீனத் தாத்தாக்களும் மலாய்ப் பெரியவர்களும்தான் அதிகம். நம்மவர் குறைவு, அந்தக் குறையை மாமா பேசித் தீர்ப்பார். அவருடைய பொற்காலம் டியோங் பாரு கோப்பிக் கடை மூலையில் கூண்டுகள் வரிசையாகத் தொங்கிய எண்பதுகள். இக்காலத்தின் மீது அவருக்குள்ள பெரிய குறை: 2024 செப்டம்பரிலிருந்து வீவக வீடுகளில் பூனை வளர்க்கலாம் என்று அனுமதித்துவிட்டார்கள். "லைசென்ஸ் வேற குடுக்கிறாங்களாம், கொலைகாரனுக்கு!"

அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் மாநாடு 2022 நவம்பரில் பனாமாவில் நடந்தது; அதில் ஷாமாவை இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். எல்லை தாண்ட பர்மிட் கட்டாயம். பராவ் பராவ் என்ற பாட்டுக்காரக் கொண்டைக்குருவி முதல் பட்டியலுக்கே போனது. அன்று முதல் மாமா இனங்காப்பாளர். "காட்டைக் காப்பாத்தத்தான் கூண்டு வச்சிருக்கேன்" என்பார். பராவ் பராவ் புலாவ் உபினில் இன்னும் பாடுகிறது. ஜாவாவில் அது அற்றுப்போனதற்கு இவரைப் போன்ற ரசிகர்கள்தான் காரணம் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. அவர் கோப்பி வாங்கித் தந்திருந்தார், விழுங்கிவிட்டேன்.

இனப்பெருக்கம் மகனின் அறையில் தொடங்கியது. பையன் தேசிய சேவைக்குப் போன வாரமே அது பிரசவ அறை. வெள்ளி இரவு முகாமிலிருந்து வந்தவனுக்கு ஹாலில் பாய். ஷாமா ஜோடியை எடுத்ததும் ஒன்றாக விட முடியாது. பொருந்தாவிட்டால் ஆண் பெண்ணைக் கொத்தியே கொன்றுவிடும். பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் மூன்று வாரம் பெண் பார்க்கும் படலம். பிறகு தேங்காய் நாரும் காய்ந்த இலையும் போட்ட பெட்டி, நாலு முட்டை, பதின்மூன்று நாள் அடைகாப்பு. அத்தையின் பிரசவத்தின்போது மாமா இவ்வளவு விழித்திருக்கவில்லையாம். சொன்னது அத்தை.

கூண்டிலேயே பிறந்தது என்பதற்கு அத்தாட்சி, குஞ்சாக இருக்கும்போதே காலில் மாட்டும் மூடிய வளையம். கட்டைவிரல் அளவுக் குஞ்சை உள்ளங்கையில் மல்லாத்தி, முன்விரல் மூன்றையும் சேர்த்து வளையத்துக்குள் நுழைத்தார். பின்விரலைக் காலோடு மடக்கி, வளையம் தாண்டியதும் பல்குச்சியால் மெல்ல வெளியே நெம்பினார். அவர் கை நடுங்கி நான் பார்த்தது அன்றுதான். தாய்ப் பறவையோ பளபளக்கும் வளையத்தை எச்சம் என்று நினைத்து, கூட்டைச் சுத்தம் செய்யும் அக்கறையில் வளையத்தோடு குஞ்சையும் தூக்கி வெளியே போட்டுவிட்டது. காலையில் அது தரையில் கிடந்தது. மாமா அன்று கோப்பிக் கடைக்கு வரவில்லை.

அடுத்த ஈட்டில் வளையத்துக்குக் கறுப்பு மார்க்கர் பூசினார். ஒரு ஆண் குஞ்சு தேறியது. அதற்குப் பாடம் சொல்ல, சாம்பியன் ஒன்றின் பாட்டைப் பதிவு செய்து நாள் முழுக்க ஓடவிட்டார். ஷாமா கேட்டதைப் பிடித்துக்கொள்ளும் ஜாதி. அறைக்கு அடுத்த சுவர் சமையலறை என்பதை மட்டும் மாமா கணக்கில் எடுக்கவில்லை.

போன ஞாயிறு அவர் வீட்டில் விருந்து. மூன்று விசில் கேட்டதும் அத்தை அடுப்பை அணைத்தார். இலையில் விழுந்த பருப்பு கடலை மாதிரி உருண்டது. குக்கர் அடித்தது ஒரே ஒரு விசில்தான். மீதி இரண்டும் ஷர்மா.