மொதல்ல பெல்ட்டு, பெறகு கிளெய்மு

வா மாப்ள, உக்காரு. புதுக் காரு எடுத்திருக்கியாமே? எலுமிச்சம்பழம் நசுக்கியாச்சா? மொளகா கட்டித் தொங்கவிட்டாச்சா? நல்லது. பெல்ட்டு? சட்டையக் கசக்குதா? அப்படியா சங்கதி! கசங்குன சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிடலாம். கசங்குன நெஞ்செலும்ப எவன்ட்டக் குடுப்ப?

நம்ம சிவகாசிப் பக்கத்தாளுக்கு வெடியப் பத்திச் சொல்லித் தரணுமா? மருந்து ரூம்ல அளவுக்கு மேல ஆள உக்கார விடக்கூடாது. செல்போனு வாசலத் தாண்டக்கூடாது. நைலான் துணி ஆகாது, பருத்திதான். இரும்பு ஒரசுனாலே போர்மேன் மொறைப்பாரு. பகலெல்லாம் அம்புட்டு சூதானமா இருக்கிற பயதான், சாயங்காலம் சாத்தூர்கிட்ட நாலுவழிச்சாலையில ஏறுனா ஒரு கையில ஸ்டீரிங்கு, மறு கையில போனு. ஏன்டா, காரு எதுல ஓடுது? உள்ள பெட்ரோலு வெடிச்சுத்தான ஓடுது? பட்டாசுக்குப் பயப்படுற நீ, வெடிச்சு வெடிச்சு ஓடுற பெட்டிமேல உக்காந்துக்கிட்டு வீடியோவா பாக்க?

"இன்சூரன்ஸ் இருக்கு தாத்தா"ங்கிற. எந்த இன்சூரன்ஸு? 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல கட்டாயம்னு சொல்றது தேர்டு பார்ட்டி. நீ அடுத்தவன இடிச்சா அவனுக்குக் குடுக்கிறது அது. நீயே தூங்கி விழுந்து மீடியன்ல ஏத்துனா தேர்டு பார்ட்டி யாரு? அங்க நிக்கிற அரளிச்செடியா?

சொந்தக்காரன் ஓட்டுனா 15 லட்சம்னு விபத்துக் காப்பு ஒண்ணு உண்டு. முழுசாக் கெடைக்கணும்னா உசுரு போகணும், இல்ல ரெண்டு கையோ காலோ கண்ணோ போகணும், இல்ல மொத்தமா நெரந்தரமா முடங்கணும். ஒண்ணு போனாப் பாதி. காலு ஒடிஞ்சு மூணு மாசம் மாவுக்கட்டோட கெடந்தா அதுல ஒத்தப் பைசா தேறாது. இந்தக் கூத்த பாலிசியில எழுதித்தான் வச்சிருக்காக. பம்பர் கலரப் பாத்த கண்ணுக்கு அது தெரியுமா?

சரி, மோதிருச்சு. மொதல்ல என்ன செய்வ? போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுவ. ஏன்டா, ரத்தம் நிக்கட்டும்னு 108-க்கு அடிக்க விரலு வலிக்குதா? 2021-லேர்ந்து நம்ம மாநிலத்துல 'நம்மைக் காக்கும் 48'னு திட்டம் ஓடுது. சேந்திருக்கிற ஆஸ்பத்திரியில மொத 48 மணி நேரத்துக்கு, ஒரு வரம்பு வரைக்கும் செலவு அரசாங்கத்தோடது.

ஆஸ்பத்திரியில கேப்பாக, எப்படி அடிபட்டுச்சுன்னு. போலீஸ் தொல்லைக்குப் பயந்து, "மாடிப்படியில வழுக்கிட்டேன்"ம்பான் ஒருத்தன். ஏ.ஆர். காப்பியில, அதான் ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டுல, அப்படியே ஏறிரும். பெறகு நட்டஈடு கேட்டுத் தீர்ப்பாயத்துல போயி "லாரி இடிச்சுருச்சு"ன்னு அழுவான். மாடிப்படியில லாரி எங்கிட்டு ஏறுச்சு? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும். அதுக்கு உண்மையச் சொல்றது லேசு.

இன்னொருத்தன் இருக்கான். லைசென்ஸ் இல்லாத மச்சினன் ஓட்டுவான், லைசென்ஸ் உள்ள மாமன் பேர எழுதச் சொல்வான். மூணாவது ஒருத்தன், கோர்ட்டு வாசல்ல மட்டும் நொண்டுவான், டீக்கடைக்கு ஓடுவான். எதிர்த்தரப்பு வக்கீலு என்ன, கண்ணக் கட்டிக்கிட்டா வந்திருக்காரு?

தூக்கிவிட ஆள் வருதோ இல்லையோ, ஆஸ்பத்திரி வாசலுக்குப் புரோக்கரு வந்துருவாரு. "கோடி வாங்கித் தாரேன்"ம்பாரு. கையெழுத்துப் போட்ருவியே! கேக்க வேண்டியது கோடியில்ல, காயிதம்: எப்.ஐ.ஆர்., ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக்கடைச் சீட்டு, சம்பளச் சீட்டு. எல்லாத்தையும் ஒரு மஞ்சப்பையில போட்டு வையி. திருத்துன சட்டத்துல மனுப் போட ஆறு மாசந்தான் கெடு. நம்ம மாவட்டக் கோர்ட்டு ஸ்ரீவில்லிபுத்தூர்ல. வழக்கு இழுத்தாலும் பால்கோவாவாவது மிஞ்சும், போ.

நட்டஈட்டுக் கணக்கு எப்படின்னு கேளு. 2009-ல சுப்ரீம் கோர்ட்டு சர்லா வர்மா வழக்குல ஒரு வாய்ப்பாடு சொல்லிருச்சு. பதினஞ்சுலேர்ந்து இருபத்தஞ்சு வயசுக்குள்ள இருந்தா வருச வருமானத்த 18-ஆல பெருக்கணும். ஊனப்பட்டவனுக்கு அதுல எத்தன பங்குன்னு பாக்க, 2010-ல ராஜ்குமார் வழக்குல இன்னொண்ணும் சொன்னாக: டாக்டர் போட்ட சதவீதம் மட்டும் போதாது, அந்தக் காயம் அவன் பொழப்ப எம்புட்டுக் கெடுத்துச்சுன்னு பாக்கணும். நியாயந்தான? கணக்கெழுதுற ஆளுக்கு இடது கையில ஒரு விரல் போனா எழுதிக்கிடுவான். திரி சுத்துற கைக்கு விரல் போனா அடுப்புல பூனை தூங்கும்.

ஆனா ஒண்ணு மாப்ள. பதினெட்டால பெருக்கிக் குடுத்த பணத்துல வீடு கட்டலாம், வெரல் மொளைக்குமா? கோர்ட்டு குடுக்கிறது போனதுக்கு வெல. போகாம இருக்க வெல பெல்ட்டுல ஒரு 'டக்'கு சத்தம். அம்புட்டுதான்.

கெளம்பு. பெல்ட்டப் போடு, போனப் பையில வையி. சாத்தூர் வழியாத்தான போற? வரும்போது காராச்சேவு கால் கிலோ வாங்கிட்டு வா. எனக்குப் பல்லு இன்னும் இருக்கு. உனக்கும் இருக்கணும்ல?