சப்டைட்டில் பண்டிதர்

கொரிய மொழியை வகுப்பிலோ பாடநூலிலோ அல்லாமல், கொரியத் தொடர்களிலிருந்தும் பாட்டுகளிலிருந்தும் கற்றுக்கொண்டிருப்பவர் சப்டைட்டில் பண்டிதர். கற்று முடித்தவர் அல்லர்; இந்த இனத்தில் கற்று முடித்தவர்கள் அரிது. சென்னை, கோவை, மதுரை என்று ஊர் பேதமில்லாமல் காணப்படுகிறார். கல்லூரி மாணவிகள் மிகுதி, ஐ.டி. ஊழியர்கள், வங்கி அதிகாரிகள், ஓய்வுபெற்ற தலைமையாசிரியைகளும் உண்டு. நடமாட்டம் பெரும்பாலும் இரவு 11 மணி முதல் 3 மணி வரை. பகலில் பார்த்தால் கண்ணுக்குக் கீழே உள்ள கருவளையத்தைக் கொண்டு அடையாளம் காணலாம்.

தமிழ்நாட்டில் இவர் தோன்றி அதிக காலம் ஆகவில்லை. 1996இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தபோது கார் வந்தது, வேலை வந்தது. வீட்டுக்கு வீடு கொரிய மொழி வந்துவிடவில்லை. 2012இல் 'கங்னம் ஸ்டைல்' யூடியூபில் நூறு கோடி பார்வைகளைத் தொட்ட முதல் காணொளியானது. கல்யாண மண்டபங்களில் பிள்ளைகள் இல்லாத குதிரையை ஓட்டினார்களே தவிர, பாட்டில் என்ன சொல்கிறான் என்று யாரும் கேட்கவில்லை. பிறகு புதுயுகம் தொலைக்காட்சி 'பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்' போன்ற தொடர்களைத் தமிழ் டப்பிங்கில் காட்டியது. அதில் சியோல் நகரத்துப் பணக்காரப் பையன்கள் சுத்தமான தமிழ் பேசியதால் ரசிகர்கள்தான் உருவானார்கள், பண்டிதர்கள் உருவாகவில்லை. பண்டிதர் முளைக்க வேண்டுமானால் காதில் கொரியனும் கண்ணில் ஆங்கில எழுத்தும் ஒரே நேரத்தில் விழ வேண்டும். நெட்ஃபிளிக்ஸும் ஊரடங்கும் சேர்ந்து அதைச் செய்துகொடுத்தன. 2021இல் 'ஸ்குவிட் கேம்' வந்தபோது பயிர் நன்றாகவே விளைந்திருந்தது.

முதல் மாதத்தில் இவர் சேர்க்கும் சொற்கள் எல்லாம் உணர்ச்சி கொப்பளிப்பவை. சரங்ஹே என்று காதலைச் சொல்வார். கஜிமா என்று போகிறவரைத் தடுப்பார். எதைக் கேட்டாலும் ஜின்ஜா, அதாவது 'நிஜமாகவா', என்பார். விமான நிலையத்தில் ஓடிப்போய்க் காதலியை மறிப்பதற்குத் தேவையான மொழி முழுதும் கைவசம் இருக்கும். அதே விமான நிலையத்தில் கழிப்பறை எங்கே என்று கேட்கத் தெரியாது. குறை இவருடையதன்று. பதினாறு எபிசோடு ஓடும் ஒரு காதல் தொடரில் கதாநாயகன் ஒருமுறைகூட அதைக் கேட்பதில்லை.

சரித்திரத் தொடர்களிலிருந்து தொடங்கியவர் நிலை இன்னும் விசேஷம். அரண்மனைக் காட்சிகளில் அமைச்சர்கள் நெற்றி தரையில் பட விழுந்து, தங்களைக் கொன்றுவிடும்படி அரசரிடம் மன்றாடுவது வழக்கம். பண்டிதருக்கு இது தலைகீழ்ப் பாடம். அன்றாட வாழ்வில் இதைச் சொல்ல இடமில்லை என்று தள்ளிவிடவும் முடியாது. மார்ச் மாதக் கடைசியில் சில அலுவலகங்களுக்கு மிகவும் பொருந்தும்.

உறவுமுறைச் சொற்களில் இவரால் வீட்டில் குழப்பம் உண்டாகிறது. கொரியனில் 'ஒப்பா' என்பது ஒரு பெண் தன் அண்ணனை அழைக்கும் சொல். தன்னைவிட மூத்த காதலனையும் அவள் அப்படியே அழைப்பாள். தமிழ்நாட்டில் ஒரு பெண் 'அண்ணா' என்று கூப்பிட்டால் காதல் அந்த இடத்திலேயே செத்துவிடும். அங்கே அதே சொல்லில்தான் காதல் தொடங்குகிறது. மகள் இதை விளக்கியபோது அடுக்களையிலிருந்து வந்த கேள்வி: "அண்ணேன்னு கூப்பிட்டவனையே கட்டிக்கிறாளா? என்னடி கூத்து இது?" ஆண் பண்டிதருக்கு வேறு ஆபத்து. ஆண் தன் அண்ணனை 'ஹியோங்' என்றுதான் அழைக்க வேண்டும். கதாநாயகியின் வசனங்களை ரசித்து ரசித்துப் படித்தவர், மீசையைத் தடவிக்கொண்டே சக ஊழியரை 'ஒப்பா' என்பார்.

மரியாதை விஷயம் இதைவிடச் சிக்கல். கொரியனிலும் தமிழைப் போலவே ஒருமைப் பேச்சும் மரியாதைப் பேச்சும் தனித்தனி. வாக்கியத்தின் வாலில் ஒரு 'யோ' சேர்த்தால் பணிவு. விட்டால் நெருக்கம், அல்லது திமிர். காதலர்களும் நண்பர்களும் சண்டைக்காரர்களும் பேசுவது பெரும்பாலும் வாலில்லாப் பேச்சு. தொடர்களில் நிறைந்திருப்பவர்களும் அவர்களே. எனவே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஓட்டல் ஒன்றில் அறுபது வயதுக் கொரியப் பொறியாளரைக் கண்டு, ஆசையோடு, குனிந்து வணங்கி, பண்டிதர் கேட்கும் நலம் விசாரிப்பு "என்னடா, நல்லா இருக்கியா?" என்ற தரத்தில் போய் விழுகிறது. கொரியர்கள் பெரும்பாலும் சிரித்துவிடுகிறார்கள். உச்சரிப்பு அவ்வளவு சுத்தமாக இருக்கும்.

அந்த உச்சரிப்பும் எளிதில் வந்ததன்று. எழுத்து என்னவோ எளிது. சேஜோங் மன்னர் 1443இல் உருவாக்கி 1446இல் நாட்டுக்கு அறிவித்த ஹங்குல் எழுத்துமுறையில் இன்று அடிப்படை எழுத்துகள் 24தான். தமிழின் 247ஐத் தாண்டி வந்தவருக்கு ஒரு வாரம் போதும். அதன்பின் தொடர் மெதுவாகத்தான் நகரும். கதாநாயகி மழையில் அழுதுகொண்டிருக்கும்போது காட்சியை நிறுத்தி, அவளுக்குப் பின்னாலுள்ள பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டிப் படித்து, "மருந்துக்கடை!" என்று பண்டிதர் கூவுவார். சிக்கல் ஒலியில் இருக்கிறது. கொரியனில் ஒரே இனத்து வல்லினம் மூன்று விதம்: மெல்ல வருவது, இறுக்கி வருவது, மூச்சோடு வருவது. நெருப்பு, கொம்பு, புல் ஆகியவற்றுக்கான மூன்று சொற்களும் முதல் ஒலியில் மட்டுமே வேறுபடுகின்றன. தமிழ் எழுத்தில் குறிப்பெடுக்கும் பண்டிதரின் நோட்டில் மூன்றும் 'புல்' என்றே இருக்கும்.

அந்த மூன்றில் ஒன்றுக்குப் பொருளும் புல்தான். இதைக் கண்டுபிடித்த நாள் முதல் பண்டிதர் வேறு மனிதர். அப்பாவுக்கு அப்பா, அம்மாவுக்கு ஓம்மா, நானுக்கு நா, நீக்கு நோ, ஐயோவுக்கு ஐகோ என்று அடுக்குவார். கடல் கடந்து போய்க் கொரிய மன்னரை மணந்ததாக 'சம்குக் யூசா' கூறும் அரசி ஹோ ஹ்வாங்-ஓக் நம் ஊர்ப் பெண் செம்பவளமே என்று பந்தியில் பாயசம் வரும்வரை வாதிடுவார். இப்படி நினைத்தவர்களில் இவர் முதல்வர் அல்லர். கொரியாவில் வாழ்ந்த அமெரிக்கர் ஹோமர் ஹல்பர்ட், கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905இலேயே ஓர் இலக்கண நூல் வெளியிட்டார். இரண்டும் ஒரே குடும்பம் என்பதை இன்றைய மொழியியலாளர்கள் ஏற்பதில்லை. பண்டிதர் அவர்களை ஏற்பதில்லை.

சொற்களில் இவ்வளவு தேடுகிறவர், காலடியில் கிடப்பதைப் பார்ப்பதில்லை. வினைச்சொல் கடைசியில் வருவது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவது, 'நேற்று வந்த பையன்' என்று அடைமொழி முன்னால் நிற்பது எல்லாம் இரு மொழிக்கும் பொது. 'சாப்பிட்டுப் பார்' என்பதைக் கொரியரும் சாப்பிடுவதோடு பார்ப்பதைச் சேர்த்தே சொல்கிறார். ஆங்கிலேயர் மாதக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடங்களைத் தமிழர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கடந்துவிடலாம். ஆனால் பண்டிதரின் கண் ஆங்கில சப்டைட்டிலில் இருக்கிறது. தமிழ் வரிசையில் வந்த கொரிய வாக்கியம் திரையின் அடியில் ஆங்கிலமாகத் தலைகீழாகி, மண்டைக்குள் மறுபடி தமிழாகத் தலைகீழாகிறது. அடுத்த தெருவுக்குப் போக லண்டன் வழியாகப் பயணம்.

கண் வேறு மொழியில் படிக்கும்போது காது தூங்கிவிடுகிறது என்பதற்குச் சான்று உண்டு. ஹோல்கர் மிட்டரர், ஜேம்ஸ் மெக்வீன் இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், பழக்கமில்லாத ஆஸ்திரேலிய, ஸ்காட்லாந்து உச்சரிப்பு ஆங்கிலக் காட்சிகளை டச்சுக்காரர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஆங்கில சப்டைட்டிலோடு பார்த்தவர்களுக்கு அந்த உச்சரிப்பு பிடிபட்டது. அதே உச்சரிப்பில் புதிதாகக் கேட்கும் பேச்சைப் பிடிப்பதில் டச்சு சப்டைட்டில் உதவுவதற்குப் பதிலாகக் கெடுத்தது. பண்டிதரின் குலதெய்வமான பிடிஎஸ் குழுத் தலைவர் ஆர்எம் போன வழியும் இதற்கு ஒத்ததே. தாயார் வாங்கித் தந்த 'ஃபிரெண்ட்ஸ்' டிவிடிக்களை முதலில் கொரிய சப்டைட்டிலுடனும், பிறகு ஆங்கில சப்டைட்டிலுடனும், கடைசியில் எதுவும் இல்லாமலும் பார்த்து ஆங்கிலம் கற்றதாக அவர் சொல்லியிருக்கிறார். பண்டிதர் இதை எல்லோரிடமும் மேற்கோள் காட்டுவார். பின்பற்றுவது முதல் கட்டத்தை மட்டும்.

பாட்டுப் பக்கம் இவருக்குக் கொஞ்சம் நல்ல பெயர் இருக்கிறது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 60 பேருக்கு ஹங்கேரிய மொழித் தொடர்களைப் பேச்சாகவும், தாளமிட்ட பேச்சாகவும், பாட்டாகவும் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார்கள். பாடிக் கற்றவர்களே அந்தத் தொடர்களைத் திருப்பிச் சொல்வதில் முந்தினார்கள் என்று 2014இல் முடிவு வெளியானது. பண்டிதரும் ஒரே பத்து விநாடியை நாற்பது தடவை திருப்பிப் போட்டுப் பாடுகிறார். ஒலி நாக்கில் ஏறிவிடுகிறது. பொருள் ஏறுவது வேறு சங்கதி. ஒரு சொல்கூடப் பிசகாமல், மூச்சிடும் இடம்கூட மாறாமல் இவரால் பாட முடிந்த முதல் பிடிஎஸ் பாட்டு 'டைனமைட்'. 2020இல் வந்த அந்தப் பாட்டு முழுக்க முழுக்க ஆங்கிலம்.

துணிந்தவர்கள் தோபிக் என்னும் கொரிய மொழித் திறன் தேர்வு எழுதுகிறார்கள். முதல் தாளில் கேட்டலும் படித்தலும் சேர்த்து 200 மதிப்பெண். 80 எடுத்தால் முதல் நிலை, 140 எடுத்தால் இரண்டாம் நிலை. ஒலிநாடா ஓடத் தொடங்கியதும் பண்டிதர் திகைக்கிறார். நூலகம் எத்தனை மணிக்கு மூடும், பேருந்து நிறுத்தம் எங்கே, ஆப்பிள் என்ன விலை என்று இரண்டு பேர் கோபமே இல்லாமல் பேசிக்கொள்கிறார்கள். யாருக்கும் நினைவு தவறிப்போகவில்லை; கண்ணாடித் தம்ளர் தண்ணீரை எவர் முகத்திலும் எந்தப் பணக்கார மாமியாரும் ஊற்றவில்லை. தோற்றவர்களில் சிலர் சென்னை இன்கோ மையத்தின் வகுப்பு போன்ற ஒன்றில் சேர்ந்து ஒழுங்காக இலக்கணம் படிக்கிறார்கள். அங்கே மற்ற மாணவர்கள் ஒலிகளோடு போராடும்போது இவர்கள் முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுவார்கள். தொடர்கள் காதுக்குச் செய்து வைத்த உழைப்பு அப்போதுதான் பலன் தருகிறது. சிலர் தொழிற்சாலைகளில் மொழிபெயர்ப்பாளராகவே போய், சரங்ஹேவை ஒதுக்கி வைத்துவிட்டு, உதிரிபாகக் கணக்கையும் ஷிப்டு நேரத்தையும் மொழிபெயர்க்கிறார்கள்.

மற்றவர்கள் சோபாவிலேயே முதிர்கிறார்கள். முதிர்ச்சியின் அடையாளம் சப்டைட்டிலில் குற்றம் கண்டுபிடிப்பது. 'ஸ்குவிட் கேம்' ஆங்கில சப்டைட்டில்கள் மூலத்தின் நயத்தைச் சிதைக்கின்றன என்று கொரியன் தெரிந்தவர்கள் 2021இல் குறை சொன்னது இவருக்குப் பெரிய தைரியம். அன்றிலிருந்து ஒவ்வொரு வசனத்துக்கும் படத்தை நிறுத்தி, "அவன் அப்படிச் சொல்லல" என்று தொடங்கி நாலு நிமிடம் விளக்குகிறார். ஒரு மணிநேர எபிசோடு இரண்டே முக்கால் மணிநேரம் ஓடுகிறது. வீட்டார் அதே தொடரை அடுத்த அறையில் தமிழ் டப்பிங்கில் பார்த்து முடித்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறார்கள்.