கிணற்று மோட்டாரும் தேங்காய்ச் சட்னியும்

கிளீவ்லாந்து, ஒஹையோ.

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதுவது. ஈரி ஏரியிலிருந்து வருகிற காற்று காதைப் பிய்க்கிறது. மற்றபடி குறையொன்றும் இல்லை.

போன வாரம் போனில், "ஏண்டா, சட்னி அரைக்கிற மெஷினுக்கு நாப்பதாயிரமா?" என்று கேட்டீர்கள். நான் இருமிவிட்டு அம்மாவின் மூட்டு வலிக்குப் பேச்சைத் திருப்பினேன். நீங்கள் ஸ்பீக்கரில் இருந்தீர்கள். பக்கத்திலேயே உங்கள் தம்பி பெண்டாட்டி கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். காகிதத்துக்கு ஸ்பீக்கர் கிடையாது, அதனால் விவரமாக எழுதுகிறேன். படித்துவிட்டு மச்சானிடம் கொடுங்கள். மோட்டார் சமாசாரம் இருக்கிறது, தீர்ப்பை அவர் சொல்லட்டும்.

மெஷின் பெயர் வைட்டமிக்ஸ். நாங்கள் பார்த்த மாடல் ஐந்நூறு டாலரைத் தாண்டுகிறது, வரி தனி. நீங்கள் நாற்பதாயிரம் என்றது குறைத்துச் சொன்ன கணக்கு. வெளியூர்ச் சரக்கு என்று ஒதுக்கவும் முடியவில்லை, ஏனென்றால் அது இந்த ஊர்க்காரன். எங்களுக்குப் பக்கத்தில் ஓம்ஸ்டெட் டவுன்ஷிப்பில்தான் கம்பெனி. 1921-ல் பார்னார்ட் என்பவர் ஆரம்பித்தது. இன்றைக்கும் அதே குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. 1937-ல் முதல் பிளெண்டரை விற்றார்கள். 1949-ல் அந்தப் பெரியவர் கிளீவ்லாந்து டிவியில் அரை மணி நேரம் நின்று அரைத்துக் காட்டினார். அமெரிக்கா முழுக்க இன்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் டிவியில் ஓடுகிற அரைமணி நேர விளம்பரங்களுக்கெல்லாம் அதுதான் மூத்த பிள்ளை என்கிறார்கள். ஆக, நான் பிறந்தது கிரைண்டர் ஊரான கோவை, பிழைக்க வந்தது பிளெண்டர் ஊர். தலையெழுத்தில் அரைபடுவது என்று இருந்தால் எங்கே போனாலும் விடாது.

இந்த ஆசை எங்கே முளைத்தது என்று கேட்பீர்கள். மொத்த விலைக் கடையில். வ.உ.சி. மைதானத்துப் பொருட்காட்சியில், "கேரட் துருவலாம், வெங்காயம் நறுக்கலாம், உருளைக்கிழங்கில் பூப்போடலாம்" என்று மூச்சு விடாமல் பேசுவாரே ஒருவர், அவருக்கு ஏப்ரன் கட்டிக் காதோரம் மைக் மாட்டியது போல ஒரு ஆள் நின்றிருந்தார். ஆரஞ்சு, கேரட், கேல் என்று ஒரு முரட்டுக் கீரை, கைநிறைய ஐஸ், எல்லாவற்றையும் உள்ளே தள்ளினார். ரோடு போடுகிற மெஷின் மாதிரி ஒரு சத்தம். நின்றவர்களுக்கெல்லாம் சின்னக் காகிதக் கப்பில் பச்சையாக ஒரு திரவம். குடித்தேன். பொய் சொல்லக் கூடாது, திப்பி என்பதே இல்லை. கீரையின் வாசனை மட்டும் இருந்தது. கீரை இருந்ததற்கு வேறு சாட்சியே இல்லை.

பிறகு அதே ஜாரைக் கழுவி, தக்காளியும் தண்ணீரும் போட்டு ஓடவிட்டுப் பேசிக்கொண்டே இருந்தார். ஆறு நிமிஷம் போல ஆயிற்று. மூடியைத் திறந்தால் ஆவி பறக்கிறது! அடுப்பே இல்லாமல் சூப்பு. கூட்டம் வாயைப் பிளந்தது. இதில் மந்திரம் ஒன்றுமில்லை அக்கா. பிளேடு சுற்றுகிற வேகத்தில் உராய்ந்து உராய்ந்தே சூடாகிறது. நம் மிக்ஸியில் நேரம் போவது தெரியாமல் ஓட்டினால் சட்னி வெதுவெதுப்பாகி, "சூடாயிருச்சு, கெட்டுப்போகும்" என்று அம்மா கத்துவாரே, அதே சமாசாரம்தான். நம் வீட்டில் அது குற்றம், இங்கே அது சிறப்பு அம்சம்.

இனி மச்சானுக்கு. இந்த ரக மெஷின்கள் சிலவற்றின் அட்டைப்பெட்டியில் "3 எச்.பி." என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். மூன்று எச்.பி. என்றால் நம் தோட்டத்துக் கிணற்று மோட்டார். அதைச் சமையல் மேடையில் வைத்து வாழைப்பழம் அரைக்கிறார்களாம். ஆவாரம்பாளையத்தில் இப்படிப் பெயர்ப்பலகை ஒட்டி விற்றால் அன்றைக்கே கடையை மூட வேண்டியதுதான். ஒரு எச்.பி. 746 வாட், மூன்று எச்.பி. 2238 வாட். இங்கே வீட்டுச் சுவர் பிளக் 120 வோல்ட், 15 ஆம்பியர். பெருக்கினால் 1800 வாட்தான் வரும். சுவரே கொடுக்காத கரண்ட்டை மெஷின் எங்கிருந்து எடுக்கும்? "பீக் எச்.பி." என்று பக்கத்திலேயே பொடி எழுத்தில் இருக்கிறது. மோட்டார் ஒரு கணம் முக்கி முனகிக் காட்டுகிற உச்சம், தொடர்ந்து ஓடுகிற பலம் இல்லை. இருந்தாலும் எங்கள் வீட்டு மிக்ஸியின் 550 வாட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நிஜமாகவே இழுக்கிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொரு கம்பெனி 2006-லிருந்து இன்டர்நெட்டில் வீடியோ போட்டு, கோலிக்குண்டிலிருந்து ஐபோன் வரைக்கும் அரைத்துக் காட்டியே பெரிய ஆளாகிவிட்டது. உங்கள் மருமகன் அதை மறுபடி மறுபடி போட்டுப் பார்க்கிறான். இந்த வீட்டில் ஐபோன் அரைக்க வேண்டிய அவசரம் இதுவரை வரவில்லை. அவன் பார்க்கிற பார்வையைப் பார்த்தால் வரும் போலிருக்கிறது.

உங்கள் தம்பி பெண்டாட்டியின் வாதத்தையும் எழுதாவிட்டால் பாவம். அவள் ஆசைக்காகக் கேட்கிறவள் இல்லை, கணக்கோடு வருகிறவள். "ஏனுங்க, வாரண்டி 7 வருஷம். 550 டாலரை வகுத்துப் பாருங்க, நாளைக்கு 22 சென்ட். நீங்க ஆபீஸ்ல குடிக்கிற காபி எவ்வளவுங்க?" நான் காபிப் பக்கம் போகவில்லை. "இப்படி வகுத்தா யானைகூட வாங்கலாம்" என்றேன். "யானைக்கு வாரண்டி உண்டா?" என்றாள். அன்றைய சபை அத்தோடு கலைந்தது.

ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். கணக்கு சரிதான். ஆனால் அந்த 22 சென்ட் தினமும் அரைத்தால்தானே? தினமும் எதை அரைக்கப் போகிறோம் என்பதுதான் கேள்வி. நாம் கொங்குநாட்டுச் சனம். காலையில் தேங்காய்ச் சட்னியோ நிலக்கடலைச் சட்னியோ, மத்தியானம் குழம்புக்கு ஒரு மசால், வாரத்தில் ஒருநாள் கொள்ளு. மூன்று பேருக்குச் சட்னி என்றால் கைப்பிடித் தேங்காய்.

அதையும் சோதித்துப் பார்த்துவிட்டோம். இதே ரக மெஷின், வேறு கம்பெனி, பெயர் வேண்டாம், நண்பர் வீட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இட்லிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு லிட்டர் பிடிக்கிற உயரமான ஜார். அதன் பாதாளத்தில் தேங்காய், பொட்டுக்கடலை, நாலு பச்சை மிளகாய். பட்டனைத் தட்டியதும் ஒரே வீச்சில் மொத்தமும் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. பிளேடு மட்டும் தனியாக, வெறும் காற்றை அரைத்துக்கொண்டிருந்தது. நிறுத்தினார், வழித்துத் தள்ளினார், தட்டினார், மறுபடி சுவர். கூடவே வருகிற தடியால் மேலேயிருந்து குத்தினார். தடி எட்டுகிற உயரத்தில் சட்னி இல்லை. தண்ணீர் விட்டார். சுற்ற ஆரம்பித்தது, ஆனால் சட்னி மோராகிவிட்டது. கெட்டியாக்க இன்னொரு பாக்கெட் உறைந்த தேங்காய்த் துருவல் போட்டார். அதற்குத் தக்க மிளகாய், அதற்குத் தக்க உப்பு. கடைசியில் வழுவழுவென்று, லேசாகச் சூடாக, கல்யாணப் பந்திக்குப் போதுமான சட்னி. அந்த வாரம் முழுக்க நாலு குடும்பம் அதைச் சாப்பிட்டது. சுவையைக் கேட்காதீர்கள். தேங்காய்ச் சட்னி பல்லில் கொஞ்சமாவது நெறுநெறுக்க வேண்டாமா? முகத்துக்குப் பூசுகிற கிரீமை இட்லிக்குத் தொட்டுக்கொள்வது எப்படி?

மெஷின் மேல் தப்பில்லை. ஜார் நிறையப் போட்டால்தான் அது அரைக்கும். இரண்டு பேர், மூன்று பேர் இருக்கிற வீட்டுக்கு ஊருக்கே அரைக்கிற ஜாரை விற்கிறார்கள். அப்பா காலத்தில் பதினோரு பேர் சாப்பிட்ட நம் வீட்டில் மிக்ஸியின் சின்ன ஜார் போதுமானதாக இருந்தது. சின்ன ஜார் இங்கேயும் உண்டு; தனியாக வாங்க வேண்டும், நூறு டாலருக்கு மேல். மசால் பொடி திரிக்கத் தனி ஜார், அதற்கும் தனி விலை. நம் மிக்ஸியோடு மூன்று ஜார் சும்மா வந்தது, அதுவும் எவர்சில்வர். இதன் ஜார் பிளாஸ்டிக். மஞ்சள் பட்டால் மஞ்சள்தான், பெருங்காயம் பட்டால் அடுத்த மாதம் ஸ்ட்ராபெர்ரி ஜூஸிலும் சாம்பார் வாசனைதான்.

எவர்சில்வர் என்றதும் ஞாபகம் வருகிறது. எதிர்வீட்டு அம்மையாரிடம் இதே வைட்டமிக்ஸின் பழைய 3600 மாடல் இருக்கிறது. 1969-ல் வந்த ரகம். ஜார் பூராவும் எவர்சில்வர், அடியில் ஜூஸ் பிடிக்க ஒரு குழாய்! நம் ஊர் கல்யாண மண்டபத்துக் காபி டிரம்மைச் சின்னதாக்கி மோட்டார் மேல் உட்கார வைத்தது மாதிரி ஒரு சாமான். பார்த்ததும் எனக்கு மரியாதை வந்துவிட்டது. அந்தக் குழாயைத் திருகிப் பார்க்கட்டுமா என்று கேட்டு, திருகியும் பார்த்தேன். இன்னமும் அதில்தான் கோதுமை திரிக்கிறார், அதில்தான் காலைக்குப் பச்சைச் சாறு, அதில்தான் சூப்பு. அவர் வீட்டில் தாளிப்பு இல்லை, இட்லி இல்லை. பச்சைக் காய், ஐஸ், கொட்டை, இவைதான் ஆகாரம். அவருக்கு அந்த மெஷின் கொடுத்த காசுக்குப் பத்து மடங்கு உழைத்திருக்கிறது. எங்கள் வீட்டில் அது உழைக்க வேண்டுமானால் முதலில் நாங்கள் அந்த அம்மையாராக மாற வேண்டும். நான் கேல் குடிக்கிற ஆளாக மாறுவேன் என்று நீங்கள் நம்புகிறீர்களா? கடைக்காரர்தான் நம்புகிறார்.

உறைந்த மாம்பழத் துண்டு, ஐஸ், முந்திரி வெண்ணெய், இந்த மூன்றில் மட்டும் நம் மிக்ஸி இந்த ரக மெஷின் கிட்டே நிற்க முடியாது. நண்பர் வீட்டில் பாறை மாதிரி இருந்த மாம்பழத்தை ஒரே நிமிஷத்தில் ஐஸ்கிரீமாக்கிக் கொடுத்தார்கள். நம் மிக்ஸியில் போட்டிருந்தால் கருகிய வாசனை வந்து, அடியிலுள்ள சிவப்புப் பட்டன் விழுந்திருக்கும்.

ஆனால் மாவுக்கு அந்த மெஷின் ஆகாது. ஐஸ் தண்ணீர் விட்டு இட்லி மாவும் அரைக்கிறோம் என்று சிலர் சொல்கிறார்கள், நானும் சாப்பிட்டிருக்கிறேன், பேச்சை விடுங்கள். பிளேடு வெட்டும், கல்தான் ஆட்டும். உளுந்து சூடேறாமல், காற்றை வாங்கிக்கொண்டு பொங்கி வர வேண்டும். 1955-ல் நம் ஊர் சபாபதி கல்லுரலுக்கு மோட்டார் மாட்டினாரே, அந்த யோசனையை இவர்கள் ஆயிரம் டாலருக்கு விற்றாலும் ஒத்துக்கொள்வேன். மிக்ஸியும் அப்படி வந்ததுதானே. பம்பாயில் மாத்தூர் என்கிற இன்ஜினியரின் மனைவி வைத்திருந்த ஜெர்மன் மெஷின் நம் அரைப்புக்குத் தாங்காமல் படுத்துவிட, மாத்தூர் 1963-ல் கம்பெனி தொடங்கி சுமீத் மிக்ஸியைச் செய்தார். வெள்ளைக்கார மோட்டார் நம் ஊர் மஞ்சள் கிழங்கிடம் தோற்ற சரித்திரம் ஏற்கெனவே எழுதியாயிற்று.

இன்னொரு சங்கடம் உயரம். வைட்டமிக்ஸின் பழைய 5200 மாடல் ஜாரோடு சேர்த்து இருபதரை அங்குலம். இங்கே சமையல் மேடைக்கும் மேல் அலமாரிக்கும் நடுவில் 18 அங்குலம்தான் வழக்கம். ஒவ்வொரு தடவையும் ஜாரைக் கழற்றித் தனியாக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மெஷினை முன்னால் இழுத்து வைக்க வேண்டும். ஐந்நூறு டாலர் கொடுத்தவர்கள் அதை மறைத்து வைக்க விரும்புவதில்லை, அது வேறு.

ஆகவே என் கட்சி: வேண்டாம். அவள் கட்சி: நவம்பரில் நன்றிநாள் தள்ளுபடி வரும், கம்பெனியே பழுது பார்த்து வாரண்டியோடு விற்கிற பழைய மெஷின் இன்னும் மலிவு, அதுவரை பொறுக்கலாம். பொறுப்பதற்குச் சம்மதித்திருக்கிறேன். "வேண்டாம்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "பொறுக்கலாம்" என்று சொல்கிறவன் தோற்றுவிட்டான் என்று மச்சான் சிரிப்பார். சிரிக்கட்டும், போன வருஷம் ரோபோ துடைப்பம் வாங்கியவர் யார் என்று கேளுங்கள்.

ஈஸ்டர் சமயத்தில் இங்கே தியாகராஜ ஆராதனை நடக்கும். 1978-லிருந்து நடக்கிறது, நம் ஊரிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். இந்தத் தடவை உங்கள் தெருவிலிருந்து ஒருவர் வருவதாகச் சொன்னீர்கள். அவர் பெட்டியில் இடம் இருந்தால் மிக்ஸி சின்ன ஜாருக்கு வாசர் இரண்டு, மோட்டார் மேல் வைக்கிற கப்ளர் ஒன்று கொடுத்துவிடுங்கள். சட்னி ஒழுகி மேடையெல்லாம் ஆகிறது. பழைய வாசரின் படத்தை ஸ்கேலோடு வைத்து மச்சானுக்கு அனுப்பியிருக்கிறேன். கறுப்பு ரப்பர் வேண்டாம், வெள்ளை சிலிக்கான் கேளுங்கள். இன்னும் இடம் இருந்தால் அரைக் கிலோ கொள்ளு. இங்கே கிடைப்பது வேகவே மாட்டேன் என்கிறது.

அம்மாவுக்கு என் நமஸ்காரம். மூட்டு வலி நிஜமாகவே எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி

பி.கு.: இந்தக் கடிதத்துக்குப் பதிலைப் போனில் சொல்ல வேண்டாம்.