கேளுங்கள், சொல்கிறேன்

புயல் என்று ரேடியோவில் சொன்னதுமே என் மனைவி பிஸ்கட், மெழுகுவர்த்தி என்று மூட்டை கட்டுகிறார். வீண் பயம்தானே? (வாசகர், வேளச்சேரி)

அவருடைய செல்போன் எண் உங்களுக்கு மனப்பாடமா? 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் போன் வேலை செய்யவில்லை. முக்கியமான எண்களை ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டு, ஆதார், வீட்டுப் பத்திரத்தோடு தண்ணீர் புகாத கவரில் போட்டு அதே மூட்டையில் வையுங்கள். தினமும் சாப்பிடும் மாத்திரைகளும் அதிலேயே இருக்கட்டும். கரண்ட் போனால் ஏ.டி.எம்.மும் படுத்துவிடும் என்பதால், பத்தும் ஐம்பதுமாகக் கொஞ்சம் சில்லறை நோட்டு வேண்டும். அவரிடம் நான் மாற்றச் சொல்வது மெழுகுவர்த்தியை மட்டும்தான். சிலிண்டர் கசிந்திருந்தால் ஒரு தீக்குச்சி போதும் வீட்டை எரிக்க. டார்ச் வாங்கிக் கொடுங்கள்.

காற்று சட்டென்று நின்றுவிட்டால் வெளியே போய்ப் பார்க்கலாமா? (வாசகர், நாகப்பட்டினம்)

போனால் புயலின் கண்ணில் பட்டுவிடுவீர்கள்! கண் என்கிற அந்த அமைதியான நடுப்பகுதி நகர்ந்ததும் காற்று எதிர்த்திசையிலிருந்து திரும்ப அடிக்கும். முதல் காற்றில் ஆட்டம் கண்ட மரமும் ஓடும் அப்போதுதான் விழும்.

மாடித் தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது. போதாதா? (வாசகி, பட்டுக்கோட்டை)

2018-இல் கஜா புயலை உங்கள் ஊரே பார்த்ததே, அம்மா! கம்பங்கள் சாய்ந்து நாள்கணக்கில் கரண்ட் இல்லாதபோது, தொட்டி தீர்ந்தால் மோட்டாரை எதை வைத்து ஓட்டுவது? தொட்டியை நிரப்பியது நல்லதுதான், காலித் தொட்டி காற்றில் பறந்துவிடும். குடிக்க மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் வீதம் குடத்தில் பிடித்து மூடி வையுங்கள்.